பதினோராம் பக்கத்து வாய்

வீட்டில் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். பேச்சு வருமுன்பே கரித்துண்டால் சுவர் முழுக்கக் கிறுக்கியதால் அண்ணன் வைத்தது. வளர்ந்து, புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலைக்கு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. அர்த்தம்தான் மெல்ல நகர்ந்து, கிறுக்குகிறவள் என்பதிலிருந்து கிறுக்குப் பிடித்தவள் என்பதற்குப் போய்விட்டது.

அவள் எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை. ஜன்னலோர மேஜைதான் அலுவலகம். கேட்கிறவர்களுக்கு வரைந்து மெயிலில் அனுப்புவாள். அதனாலேயே வீட்டில் யாருக்கும் அவள் வேலை செய்வதாகத் தோன்றியதில்லை. இஸ்திரி போட்ட துணியை அண்ணி அந்த மேஜைமேல்தான் அடுக்குவாள், ஈர ஓவியத்துக்கு ஒரு விரல்கடை தள்ளி. அண்ணன் கிளம்பும்போது, "சும்மாதானே இருக்க? பிளம்பர் வருவான், கூடவே நின்னு பாத்துக்க" என்பான். அந்தச் 'சும்மாதானே' காதில் விழுந்தால் அவளுக்குப் புருவம் நெரியும். வாய் மட்டும் தானாகச் சிரித்துவிடும்.

"சரிண்ணா."

எந்த முகத்தை வரைகிறாளோ, அதைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குக் கை ஓடும். அதற்கென்று ஒரு கைக்கண்ணாடி வைத்திருந்தாள். ஓநாய்க்கு உறுமுவாள், தவளைக்குக் கன்னத்தை உப்புவாள். ஒருநாள் டீ கொண்டுவந்த அண்ணி வாசலிலேயே திரும்பிப் போய், "உங்க தங்கச்சி கண்ணாடியப் பாத்துக் கொரைக்கிறா, என்னன்னு போய்க் கேளுங்க" என்றாள் அண்ணனிடம்.

அப்போது கையிலிருந்தது ஒரு குழந்தைகள் புத்தகம். ஒரு சிறுமி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வீடு கட்டுகிறாள். அவள் அண்ணன் வந்து அதன்மேல் பொத்தென்று உட்காருகிறான். பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'அவளுக்கு வந்ததே கோபம்!' அந்த முகத்துக்குக் கிறுக்கி கண்ணாடியைத் தொடவே இல்லை. மேஜைமேல் இருந்த துணி அடுக்கை ஒருமுறை பார்த்தாள். பென்சில் தானாக ஓடியது.

படத்தைப் பார்த்த பதிப்பாசிரியை போனில் கூப்பிட்டாள். "பாப்பா இவ்ளோ கோவமா இருந்தா எந்த அம்மா வாங்குவாங்க? லேசா சிரிக்க வைங்க."

"மேடம், அவ கட்டின வீட்ட உடைச்சிட்டாங்க."

"அட்டைப்பெட்டிதானே!"

இங்கேயும் ஒரு 'தானே'. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றுதான் பார்த்தாள். கண்ணாடிமுன் உட்கார்ந்து சிரித்தாள். தாளில் விழுந்த சிரிப்பும் பல்லைக் கடித்துக்கொண்டே விழுந்தது. எல்லாவற்றையும் கசக்கி எறிந்துவிட்டு, கோபமுகம்தான் சரி, மாற்ற முடியாது என்று எழுதி அனுப்பினாள்.

பதில் வரவில்லை, அச்சுக்குப் போகவிருந்த பக்கங்கள் வந்தன. பதினோராம் பக்கத்தில், வாயை மட்டும் கணினியில் வெட்டித் தலைகீழாகத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். புருவம் நெரிந்திருந்தது, மூக்கு விடைத்திருந்தது, கண்ணில் நெருப்பு. கீழே அழகான சிரிப்பு. அந்த முகத்தைக் கிறுக்கிக்குத் தெரியும். 'சரிண்ணா' சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்த நாளெல்லாம் பார்த்த முகம்.

கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதிப்பக மாடியில், பக்கம் வடிவமைக்கும் பையன்தான் முதலில் அகப்பட்டான். "திருப்பச் சொன்னாங்க, திருப்பிட்டேன். என்னை விட்டுருங்கக்கா" என்று கணினித் திரைக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டான்.

பதிப்பாசிரியை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "ஒரு கோடுதானே, இதுக்கா இவ்ளோ தூரம்?"

"ஒரு கோடுதான். அத பழையபடி போடுங்க. இல்லன்னா என் பேர எடுத்துடுங்க."

"ஐயோ, இப்படியெல்லாம் பேசலாமா?" என்று புன்னகை செய்தாள் அவள். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன.

கிறுக்கி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்படியே இருங்க மேடம். பாருங்க. எந்தக் குழந்தையாவது இந்த மூஞ்சிகிட்ட வருமா?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, இருமலாக மாறப் பார்த்து, முடியாமல் போனது. அடுத்த மேஜைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பதிப்பாசிரியையின் புன்னகை நழுவியது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாற்காலி பின்னால் சாய, எழுந்து நின்று கத்தினாள்: "முதல்ல வெளிய போங்க!"

கண்ணாடி இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"இது மேடம்," என்றாள் கிறுக்கி. அவளுக்கும் குரல் கிறீச்சிட்டது. "இதத்தான் நான் வரைஞ்சேன். இது மூஞ்சி. அது முகமூடி."

பதிப்பாசிரியை கண்ணாடியைப் பார்த்தாள். அதிகநேரம் பார்க்கவில்லை. அதைக் கையால் தள்ளிவிட்டு, பையன் பக்கம் திரும்பாமலேயே, "பழைய வாயையே போட்டுத் தொலை" என்றாள். பிறகு இவளிடம், "இந்தப் புத்தகம் உங்க இஷ்டப்படி வரும். இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்றாள்.

ஏறமாட்டேன் என்று சொல்லக்கூட நிற்காமல் இறங்கினாள். ஜெயித்த மாதிரியே இல்லை. நல்ல தாளும் நல்ல அச்சும் தருகிற இடம் இது ஒன்றுதான், அதுவும் போயிற்று. ஒரு வாயை வாயாக வைத்திருக்க இத்தனை கத்த வேண்டுமா என்று பஸ் முழுக்கக் கறுவிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் துணி அடுக்கு மேஜைமேல் இருந்தது. அண்ணன் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, "எங்க போய்ச் சுத்திட்டு வர்ற? சும்மாதானே இருந்த, அண்ணிக்கு மாத்திரை வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்றான்.

வழக்கம்போல வாய் மேலே போகத் தொடங்கியது. அதை அவள் பாதியிலேயே பிடித்து நிறுத்தினாள். துணி அடுக்கை அப்படியே தூக்கி வந்து அவன் மடியில் பொத்தென்று வைத்தாள்.

"நான் சும்மா இல்ல. என்னைக்கும் சும்மா இருந்ததில்ல."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். "என்ன மூஞ்சி இது, கிறுக்கி?"

"பதினோராம் பக்கம்," என்று சொல்லிவிட்டு, காலியான மேஜையைத் துடைக்கப் போனாள்.