செழியன் பூசிய கிரீஸ்

முத்துப்பிரியா ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் செழியன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், ஃபால்ட் என்னன்னு நானே கண்டுபிடிச்சிட்டேன். தண்ணி. கூட்டுற பொம்பள, அந்தக் கருத்தம்மா, மெஷின் மேல தண்ணிய ஊத்திருச்சு. அவள வேலைய விட்டு நிறுத்தியாச்சு. நீங்க போர்டை மட்டும் மாத்திக் குடுங்க."

"ஊத்துனத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணும்னு இல்ல மேடம். லாஜிக்."

முத்துப்பிரியா பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கோவையில் அளவுக் கருவிகள் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, போடியில் சொந்தமாகப் பட்டறை போட்டவள் அவள். மெஷினைத் தொட்டே பார்க்காமல் லாஜிக் பேசும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறாள். தொட்டுப் பார்ப்பவன் இன்னும் மோசம் என்று அவளுக்குச் சீக்கிரமே தெரியவந்தது.

குரங்கணி ரோட்டில் இருந்த அந்த ஏலக்காய் ஸ்டோர் ஜக்கையனுடையது. செழியன் அவருடைய மருமகன். சென்னையில் எதையோ நிர்வாகம் செய்துகொண்டிருந்தவன், கல்யாணமான கையோடு இங்கே வந்து எல்லாவற்றையும் நிர்வாகம் செய்தான். நான்கு நாளாக, காய் பிரிக்கும் மெஷின் நல்ல பச்சைக் காயை வெளியே தள்ளி, வெடித்த காயைச் சேர்த்து வைத்தது.

போர்டைக் கழற்றிப் பார்த்தாள். ஈரம் பட்ட சுவடே இல்லை. அடுத்து, சுழலும் வட்டத் தட்டின் அடிமூடியைத் திறந்தாள். தட்டைச் சுற்றி, கெட்ட காயை ஊதித் தள்ளும் குட்டி வால்வுகள். சுற்றிக்கொண்டே இருக்கும் தட்டுக்கு ஒயர் இழுத்தால் முறுக்கி அறுந்துவிடும். அதனால் தண்டில் தங்கமுலாம் பூசிய வளையங்கள் இருக்கும். தலைமுடி அளவே தடிமனுள்ள கம்பி பிரஷ்கள் அவற்றை இமை தொடுவதுபோலத் தொட்டு வழுக்கிக்கொண்டே கரண்ட் கொடுக்கும்.

அந்த இடத்தில் இப்போது ஒரு கைப்பிடி கிரீஸ் அப்பியிருந்தது.

"இத யாரு போட்டா?"

"நான்தான். கிறீச்சுனு சத்தம் வந்துச்சு. உராய்வு இருந்தா கிரீஸ் போடணும். பேஸிக்ஸ்தானே மேடம்."

"பிரஷ்ஷ அமுக்குற ஸ்பிரிங்க முறுக்கினது?"

"அதுக்கப்புறம் காண்டாக்ட் கொஞ்சம் வீக்கா இருந்துச்சு. டைட் பண்ணேன்."

"எதையும் பூசக் கூடாதுன்னு மூடியிலயே ஒட்டியிருக்கே."

"அது பொதுவா ஒட்டுறது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். கரிமெழுகாகிப் போன கிரீஸை விரலில் வழித்து, நாற்காலியில் இருந்த ஜக்கையனிடம் நீட்டினாள்.

"இது வண்டிச் சக்கரத்துக்குப் போடுறது ஐயா. பிரஷ்ஷுக்கும் வளையத்துக்கும் நடுவுல நின்னு கரண்ட மறிக்குது. முறுக்குன முறுக்குல தங்கமுலாமும் உரிஞ்சு போச்சு. கரண்டு விட்டு விட்டுப் போனா எந்தக் காய ஊதணும்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஜக்கையன் மருமகனைப் பார்க்காமல் விரலையே பார்த்தார். "சரி ஆத்தா, ஆனது ஆச்சு. வெரசா முடிச்சுக் குடு. நாளைக்கு ஏலத்துக்கு லோடு போகணும்."

"கருத்தம்மாக்காவ நிறுத்துனீங்களே?"

"அது வேற சோலி."

போனில் கேட்டபோதே சந்தேகப்பட்டு, புது வளையமும் பிரஷும் கையோடு கொண்டுவந்திருந்தாள் முத்துப்பிரியா. இரண்டையும் திரும்பப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அப்ப மெஷின் சோலிய வேற யாராச்சும் பாக்கட்டும் ஐயா."

ஜக்கையன் நாளைக்குப் போகவேண்டிய காய்க் குவியலைப் பார்த்தார். பிறகு மருமகனிடம் சொன்னார்: "ராசிங்காபுரம் போயி அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"நானா மாமா?"

"வேற யாரு?"

அவன் போனபிறகு ஸ்டோரில் நல்ல அமைதி. ஸ்பிரிட்டால் தண்டைத் துடைத்து, புது வளையத்தை ஏற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்துப் பிரஷ்களை ஒவ்வொன்றாக அமர்த்தினாள். மதியத்துக்கு மேல் மெஷினை ஓட்டியபோது தட்டு சத்தமில்லாமல் சுற்றியது. வெடித்த காய் மட்டும் வெளியே விழுந்தது.

செழியனின் ஜீப் வந்து நின்றது. கருத்தம்மா இறங்கி வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

செழியன் தொண்டையைச் செருமினான். "ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆயிடுச்சு. நாளைலேருந்து நீங்க வேலைக்கு வரலாம்."

"தமிழ்ல சொல்லுங்க தம்பி."

"தப்பு நடந்துபோச்சு."

"நடந்துச்சா, நீங்க பண்ணுனீங்களா?"

செழியன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் காயைப் பொறுக்கி மோந்துகொண்டிருந்தார்.

"நான்தான் பண்ணிட்டேன்."

"கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்?" கருத்தம்மா உள்ளே வேலை செய்தவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். பிறகு ஜக்கையனிடம் திரும்பினாள். "நான் வேலைக்கு வரல முதலாளி. போடியில வேற ஸ்டோர்ல முந்தாநாளே சேந்துட்டேன். மெஷினக் கெடுத்தவளுன்னு அங்கயும் பேரு வந்துறக் கூடாதுன்னுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

ஜக்கையன் கையிலிருந்த காயைக் குவியலில் போட்டார்.

கருத்தம்மாவையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் தன் ஜீப்பில் முத்துப்பிரியா கேட்டாள்: "வர்றப்ப அவரு என்னக்கா பேசுனாரு?"

"வழி பூரா வாயே தொறக்கல. கிட்ட வரவும், நான் வந்து கூப்புட்டத வெளிய யார்கிட்டயும் சொல்லிறாதீங்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் தம்பி சொல்லுவேன், அதுக்கு மேல அங்க நிக்கிறவுகளே பாத்துக்கிருவாகன்னேன்."