மரக்கட்டை ரூஃபஸ்

சனிக்கிழமை மதியம் ஆனால் போதும், என் புருஷன் ஹோசியா கோடரியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்த் தன் தம்பியை வெட்டுவான். நிஜத் தம்பியை இல்லை. பழைய தண்டவாளக் கட்டையில் அவனே செய்து நட்டுவைத்த தம்பியை. கார்த் தகரத்தில் முகம், சோடா மூடியில் கண், உடம்புக்குத் தம்பி ரூஃபஸ் விட்டுப்போன நீலச் சட்டை. வெட்டி வெட்டி முகம் கிழிந்தால், மறுநாள் சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு புதுத் தகரம் வைத்து ஆணி அடிப்பான். அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் தயார்.

ஏன் என்று எங்கள் ரோட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, சர்ச்சுக்குப் பின்னால் எல்லோரும் மீன் பொரித்துத் தின்றுகொண்டிருந்தபோது, சீட்டாட்டத் தகராறில் ரூஃபஸ் குடிவெறியோடு துப்பாக்கியை உருவினான். விலக்கிவிடப் போன என் மகன் டேரியஸின் தொண்டையில் குண்டு பாய்ந்தது. "சித்தப்பா, வேணாம் சித்தப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் குறுக்கே போனான் பிள்ளை. மடியில் போட்டு இரண்டு கையாலும் அடைத்துப் பார்த்தேன். ரத்தம் விரலிடுக்கில் வந்துகொண்டே இருந்தது.

ஜெயிலில் இருந்துவிட்டு ரூஃபஸ் இதே ரோட்டுக்குத்தான் திரும்பி வந்தான், செத்துப்போன என் மாமியாரின் வீட்டுக்கு. வேறு போக்கிடம் இல்லையாம். என் மகனை மட்டும் போக்கிடம் பார்த்தா அனுப்பினான், பாவி?

அன்று ராத்திரி ஹோசியா துப்பாக்கியில் குண்டு போட்டான். நான் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். மகன் மண்ணுக்குள் போய்விட்டான், இவனும் ஜெயிலுக்குப் போனால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? விடிந்ததும் அவன் துப்பாக்கியை வைத்துவிட்டு அந்தக் கட்டையை இழுத்துவந்தான். அதை வெட்டிய முதல் சனிக்கிழமை, உட்கார்ந்து ஒரு தட்டு நிறையச் சோள ரொட்டியும் பீன்ஸும் தின்றான். தூங்கினான். ஆண்டவரே, இந்தக் கட்டைக்கு ஆயுசைக் கொடு என்று ஜெபித்தேன்.

ரூஃபஸுக்கும் தெரியும். சனிக்கிழமை எங்கள் வீட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, தொப்பியைக் கழற்றி, தான் வெட்டுப்படுவதைப் பார்த்துவிட்டுப் போவான். ஷெரீஃப்கூட ஒருமுறை வந்து நின்றார். "வெட்டட்டும் மிஸ் ஓப்பல். இதை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று என்னிடம் சொன்னார். நாங்கள் யாரும் அதைக் கலை என்று சொன்னதில்லை. ரூஃபஸ் என்றுதான் சொன்னோம்.

கலை என்று சொன்னவள் மிஸ் கேலவே. அட்லாண்டாவில் ஒரு பெரிய மியூசியத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போய்ச் சாமான் பொறுக்குகிற வெள்ளைக்காரி. வெட்டுக்காயங்களில் விரலை விட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள்.

"மிஸ்டர் ஹோசியா, நீங்க எங்க படிச்சீங்க?"

"ரம்பப் பட்டறையில."

"அதான்! எந்தப் பள்ளிக்கூடமும் உங்களைக் கெடுக்கல. இத ஆயிரக்கணக்கான பேர் பாக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தான் என் ஆள். "இவன் பேரு ரூஃபஸ்னு எழுதணும். இவன் கொன்ன பையன் பேரு டேரியஸ்னு எழுதணும். எழுதுவீங்களா?"

"கண்டிப்பா."

"ஹோசியா, உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? இத அனுப்பிட்டு நீ யார வெட்டுவ?" என்று கத்தினேன்.

"நம்ம பையன் பேர ஊரே படிக்கும்டி" என்றான். அதற்கு மேல் என்ன பேசுவது? லாரி வந்தது. மரக்கட்டை ரூஃபஸைக் குழந்தைபோலக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஹோசியா என் பீக்கன் கொட்டை மரத்தை வெட்டிச் சாய்த்தான். அடுத்த வாரம் கோழிகள். ஒன்றுகூட மிச்சமில்லை. முற்றம் முழுக்க ரத்தமும் இறகும், நடுவில் இவன் மூச்சுவாங்கி நிற்கிறான். இன்னொரு கட்டையைச் செய்தும் பார்த்தான். ஒரு வெட்டு வெட்டிவிட்டுத் தூக்கி எறிந்தான்.

"இது வெறும் கட்டை ஓப்பல். இதுக்குள்ள அவன் இல்ல."

அதற்கடுத்த வாரம் கோடரியோடு ரோட்டில் இறங்கி ரூஃபஸ் வீட்டுப் பக்கம் நடந்தான். பின்னாலேயே ஓடிக் காலைக் கட்டிக்கொண்டேன். அவன் நிற்கவில்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போனான். சரளைக்கல்லில் என் முழங்கால் தோல் உரிந்து சதை தெரிந்த பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"அந்தக் கட்ட எங்க இருக்கோ அங்க கூட்டிட்டுப் போறேன், வா. அங்க வச்சு வெட்டு. அவன் வீட்டுக்கு மட்டும் போகாதே, உன் கால்ல விழுறேன்" என்றேன். விழுந்துதான் கிடந்தேன்.

மியூசியத்தில் கண்காட்சித் திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். கோடரியை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீடம், அதன்மேல் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் ரூஃபஸ். சுற்றிலும் இரும்புக் கம்பம் நிறுத்திக் கயிறு கட்டியிருந்தது. வந்தவர்கள் கையில் ஒயினோடு ஒருத்தருக்கொருத்தர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை நான்தான் ஹோசியாவுக்குப் படித்துக் காட்டினேன். பெயரிடப்படாதது. மரம், தகரம், துணி, கோடரி வெட்டுகள். அவ்வளவுதான்.

"பையன் பேரு எங்க?" என்றான் ஹோசியா.

மிஸ் கேலவே முகம் சிவந்தாள். "வக்கீலுங்க வேணாம்னுட்டாங்க மிஸ்டர் ஹோசியா. அதோட, பேர் இல்லாம இருந்தாத்தான் இது எல்லாரோட வலியாவும் ஆகும்."

"எல்லாரோட வலியா?" என்றேன் நான். "எல்லாருமா புள்ளையப் பெத்தாங்க? உன் வீட்டுல எத்தன பேரு செத்தாங்க, சொல்லு!"

அதற்குள் ஹோசியா ஒரு கம்பத்தை அடியோடு தூக்கிவிட்டான். கயிறு அறுந்து தொங்கியது. முதல் அடியில் தகர முகம் பிளந்து ஒரு கண் தெறித்தது. பெண்கள் அலறினார்கள். "அது சேதமாயிடும்! யாராவது தடுங்க!" என்று மிஸ் கேலவே கத்தினாள். சேதமா? அதில் இருந்த ஒவ்வொரு வெட்டும் இவன் போட்டது. எங்கள் முற்றத்தில் போட்டால் கலை, இங்கே போட்டால் சேதமாம். இது எந்த ஊர் நியாயம்?

மூன்று காவலாளிகள் அவன்மேல் விழுந்தார்கள். ஒருத்தன் கழுத்தில் முழங்காலை வைத்தான், இன்னொருத்தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். எலும்பு உடைகிற சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. நான் செருப்பைக் கழற்றி ஒருத்தன் மூக்கிலேயே போட்டேன். இன்னொருத்தன் என் வாயைப் பொத்தினான், கையைக் கடித்துத் துப்பினேன். நல்ல கூத்து. கடைசியில் வழக்கு வேண்டாமென்று மியூசியத்தார் விட்டுவிட்டார்கள், பேப்பரில் வருமே என்ற பயம். வாசலில் பிடுங்கிய கோடரியையும் வாங்கிக்கொண்டு, கையில் மாவுக்கட்டோடு ஹோசியாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ரூஃபஸ் நடந்து வந்தான். வண்டி இல்லை, தொப்பி இல்லை. கட்டை நின்றிருந்த இடத்தில் புல் முளைக்காத வட்டம் ஒன்று இருந்தது. நேரே போய் அதில் நின்றான்.

"அண்ணே," என்றான், "கட்டைய எடுத்துட்டுப் போயிட்டாங்களாமே. கையையும் உடைச்சுட்டாங்களாம். நானே வந்துட்டேன்."

இத்தனை வருஷம் எதைத் தடுத்தேனோ அது தானாக நடந்து வந்து வாசலில் நிற்கிறது. "போயிடு ரூஃபஸ்! உன்னக் கொன்னுட்டு அவன் ஜெயிலுக்குப் போகவா? போ!"

"போகமாட்டேன் அண்ணி."

ஹோசியா இடது கையில் கோடரியோடு வந்தான். நான் குறுக்கே போனேன், தோளால் தள்ளிவிட்டான். ஓங்கினான். கோடரி இறங்கும்போது பார்த்தேன், மழுங்கல் பக்கத்தைத் திருப்பியிருந்தான். தோளில் மொத்தென்று ஒரு அடி. ரூஃபஸ் முனகினான், கையைத் தூக்கவில்லை. இன்னொரு அடி, அது இன்னும் மெதுவாக. மூன்றாவதுக்குக் கோடரி மேலேயே போகவில்லை. கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான் என் புருஷன்.

ரூஃபஸும் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "இதோட தீந்துச்சா அண்ணே?"

தீந்துச்சாவாம்!

கட்டையை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஒரு குச்சியால்கூட அடித்ததில்லை. எதற்கு அடிக்க வேண்டும்? என் பிள்ளையைக் கட்டையா சுட்டது? கோடரியை எடுத்தேன். நான் எந்தப் பக்கத்தையும் திருப்பவில்லை. முதல் வெட்டு அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. அலறிக்கொண்டு விழுந்தான். கோடரியைப் பிடுங்கி எடுத்துக் கழுத்துக்கு ஓங்கினேன்.

ஹோசியா பாய்ந்து அவன்மேல் விழுந்தான். மாவுக்கட்டுக் கையால் தம்பியின் தலையை மூடிக்கொண்டான்.

"வேணாண்டி ஓப்பல்! என் தம்பிடி! என் தம்பிடி இவன்!"

"நகரு ஹோசியா."

"மாட்டேன்."

"நகருடா!"

நகரவில்லை. ஓங்கின கோடரியோடு வெகுநேரம் நின்றேன். அவர்களுடைய மூச்சு எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டதால் கழுத்து தப்பியது.

மரம் வெட்டும்போது பட்டுவிட்டது என்று ரூஃபஸ் ஷெரீஃபிடம் சொல்லியிருக்கிறான். கால் போய்விட்டது. ஹோசியா இப்போது சனிக்கிழமைகளில் எங்கும் போவதில்லை. எதுவும் செய்வதில்லை. என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டு பயப்படுகிறான். பயப்படட்டும்.