ஒன்றரை அடி

குளிப்பாட்டிக் கபனிட்ட ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து, வீட்டின் பின்பக்கத்திலிருந்து தூக்கி வந்தவர்கள் வீட்டோரத்து ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் நின்றுவிட்டார்கள். முன்னால் பிடித்திருந்தவர்களுக்கு எதிரே சமையல் குசினியின் சுவர். பின்னால் பிடித்திருந்தவர்கள் இன்னும் வீட்டு மூலையைத் தாண்டவில்லை. யாரோ பின்னுக்குப் போகச் சொன்னார், யாரோ தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். படுக்கையறை ஜன்னலின் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கி ஸாஹிரா பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கிடக்கும் அவள் கணவர் ஹுஸைன் இதைப் பார்த்திருந்தால் பேசாமல் இருந்திருக்க மாட்டார் என்று நினைத்தாள்.

"முன்னால நிக்கிறவங்க அப்படியே நில்லுங்க." மண்மேட்டோரம் தனியாக நின்ற அழகமுத்து சொன்னார். "பின்னால இருக்கிறவங்க மேட்டுப் பக்கமா ரெண்டு எட்டு தள்ளி வாங்க. ம். இப்ப எல்லாரும் சேந்து திரும்புங்க."

சந்தூக்கு திரும்பியது. சுவரில் உரசவில்லை.

"எப்படி அண்ணே கண்டீங்க?" என்று ஸாஹிராவின் தம்பி ஜுனைதீன் கேட்டான்.

"இதே வழியில ஒண்ணத் திருப்பிப் பாத்திருக்கோம் தம்பி, நானும் ஹுஸைன் நானாவும்," என்றார் அழகமுத்து.

அவர் சொன்னது எதை என்று ஸாஹிராவுக்குத் தெரியும்.

ஹுஸைன் கரவனெல்லைக் கடைத்தெருவில் தண்ணீர்ப் பம்புகளும் புல் வெட்டும் மெஷின்களும் திருத்துகிறவர். மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கிய துண்டில் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டைக் கட்டினார். வீட்டின் பின்னால் பத்தடி இடம். அதற்கப்பால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு. மேட்டின் மேல் அவர்களுடைய ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மழைக்கும் மேடு கொஞ்சம் இறங்கி வரும். மூன்று வருடத்துக்கு முன், 2003 மே மாதத்தில், இரத்தினபுரிப் பக்கமெல்லாம் மலை சரிந்த அந்த வாரத்தில், இவர்கள் மேட்டிலிருந்து வந்த மண் பின்சுவரில் இடுப்பளவுக்கு நின்றது. அன்றிலிருந்து ஹுஸைன் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

மேட்டைப் படிபடியாக வெட்டிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அடியில் ஒரு வாய்க்கால், உச்சியில் ஒரு வாய்க்கால். மண்வெட்டியால் வெட்டினால் வருடக்கணக்கு. மண் வெட்டும் பெரிய பெக்கோ ரோட்டிலிருந்து இந்த வீட்டு வளவுக்குள் ஏறவே முடியாது. அப்படியிருக்கும்போதுதான் கேகாலையில் பழைய ஜப்பான் வாகனங்கள் விற்கும் ஒரு யார்டில் அந்தச் சின்ன ட்ரெக்டரைக் கண்டார். நாலடி அகலம். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் மண் தோண்டும் கை. தோட்டத்தில் முப்பது வருடம் ட்ரெக்டர் ஓட்டி ஓய்ந்த அழகமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஐந்து தடவை போய்ப் பார்த்துவிட்டார். விற்கிறவன் எல்லா வேலையும் செய்யும் என்றான். அது பதில் இல்லை என்றார் ஹுஸைன். வண்டி நல்லதா என்பது ஒரு கேள்வி, நம் வளவுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கை எப்படித் தோண்டும் என்று அவளுக்குக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஒரு பகல் குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"இது தோள். இது முழங்கை. இது மணிக்கட்டு. மூணும் எண்ணெய்ட அழுத்தத்துல மடங்கும், நீளும். அகப்பைதான் வாளி. இப்ப அந்த மாவுச் சட்டிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடி."

அவள் பிடித்தாள். அவர் அகப்பையைச் சட்டியின் விளிம்பில் மாட்டி இழுத்தார். சட்டி வரவில்லை. பலகைதான் அவரோடு வழுக்கிக்கொண்டு சட்டியிடம் வந்தது. அவர் குப்புற மாவுக்குள் விழப் பார்த்தார்.

"பாத்தியா? மண்ண நாம இழுத்தா மண்ணும் நம்மள இழுக்கும். அதுக்குத்தான் வண்டிக்கி ரெண்டு பக்கமும் கால் வச்சீக்கி." இரண்டு கால்களையும் அகட்டித் தரையில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். இந்தத் தடவை சட்டி வந்தது. அவர் மூக்கில் மாவு இருந்தது. ஸாஹிரா அதைச் சொல்லவில்லை. கடைக்குப் போய் யாராவது சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

காலை விரித்தால் வண்டிக்கு ஏழடி வேண்டும். பின்னால் பத்தடி இருக்கிறது, அது போதும். நின்று வெட்ட நிலம் சமம். வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்: மேடு, வாய்க்கால், பட்ட ரப்பர் மரங்களின் வேர்க்கட்டை, தென்னங்குழி. மற்ற நாளில் அக்கம்பக்கத்து வேலைக்கு அழகமுத்து ஓட்டலாம். எல்லாம் சரியாக வந்தது. பின்பக்கம் போய்ச் சேரும் வழி ஒன்றுதான் பாக்கி.

வீட்டின் ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் இந்த ஒழுங்கை. வீட்டுக்கும் தனியாக நிற்கும் குசினிக்கும் நடுவில் ஆறடி. நாலடி வண்டி ஆறடியில் போகும் என்று அளவுநாடா சொன்னது. ஹுஸைன் நாடாவை நம்பவில்லை. மூங்கில் வெட்டி, வண்டியின் நீளத்துக்கும் அகலத்துக்கும், பின்னால் மடிந்து நிற்கும் கைக்கும் சேர்த்து ஒரு கூடு கட்டினார். முன்னால் அவர், பின்னால் அழகமுத்து. இரண்டு பேரும் கூட்டைத் தூக்கிக்கொண்டு, வண்டி திரும்புகிற மாதிரியே திரும்பித் திரும்பி ஒரு காலை முழுக்க வளவில் நடந்தார்கள். நேராகப் போகும்வரை சரி. வீட்டு மூலையில் மூக்கு வலது பக்கம் திரும்பியதும் வால் இடது பக்கம் போய்க் குசினிச் சுவரில் மோதியது. பின்பக்கமாக விட்டுப் பார்த்தார்கள். அப்போது மூக்கு மோதியது. கையைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகலாமா என்று அழகமுத்து கேட்டார். முன்னூறு கிலோவை யார் தூக்குவது என்றார் இவர்.

நாலாவது மோதலில் குசினிக்குள் தட்டிலிருந்த ஒரு சட்டி விழுந்து உடைந்தது. ஸாஹிரா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"குசினிய ஒடச்சிட்டுத்தான் வண்டி எடுக்கப் போறீங்களா? அப்ப என்னயும் அந்த யார்டுலயே வித்துட்டு வாங்க."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். ஹுஸைன்தான் கூட நேரம் சிரித்தார்.

அந்தக் குசினி அவள் எட்டு வருடம் தகரக் கூரைக்குக் கீழே ஒழுக்கில் சமைத்த பிறகு கிடைத்தது. மகள் இஸ்ரா பிறந்த வருடம், கடையை மூடிய பிறகு தினமும் பத்துக் கல் என்று ஹுஸைன் தன் கையால் கட்டியது. புகை கண்ணுக்கு வராதபடி அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று ஊதுபத்தி கொளுத்தி, காற்று போகும் பக்கம் பார்த்து வைத்தார். இருபது வருடமாக அவளுடைய கண் எரிந்ததில்லை.

மூன்று நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிவராது ஸாஹிரா," என்றார். "வருஷத்துல பத்து நாள் வேலக்கி ஒரு மெஷினா. ஓடாம நின்டா பழுதாகிடும்."

அவ்வளவு ஆசைப்பட்டுவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். கொஞ்சம் நிம்மதியும்தான். மறுநாள் மண்வெட்டிக்குப் புதுப் பிடி வாங்கி வந்தார். அதோடு ஒரு வாளிச் சுண்ணாம்பும். குசினியின் ஒழுங்கைப் பக்கச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார். ஏன் இந்த ஒரு சுவர் என்று கேட்டதற்கு, கூடு மோதி அழுக்கானது இதுதானே என்றார்.

அதிலிருந்து பதினான்கு நாளாக நல்ல வெயில். மழைக்கு முன் வாய்க்காலை முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுதுவிட்டு மேட்டடிக்குப் போனார். இன்று காலை அவள் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு போனபோது, மேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி மடியில் கிடந்தது. இளைப்பாறுகிறார் என்று நினைத்துத் தேத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நாலு எட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். கோப்பையை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தாள்.

குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றி மறைப்புக் கட்ட மூங்கில் தேடியபோது, பின்சுவரில் சாய்த்திருந்த அந்தக் கூட்டைத்தான் அவிழ்த்து எடுத்தார்கள்.

முன் அறையில் பெண்கள் முகம் பார்த்தார்கள். ஸாஹிரா பார்த்தாள். இஸ்ரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். கலிமாச் சத்தம் ரோட்டு வளைவு வரை கேட்டது, பிறகு ஒரு பஸ்ஸின் சத்தம் கேட்டது.

அடுத்த வளவு ஸைனம்பு சோறும் பருப்பும் கொண்டு வந்தாள். மூன்று நாளைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் கொண்டு வந்து கொடுக்கும். ஸாஹிராவை வெள்ளை உடுத்திப் படுக்கையறையில் உட்கார வைத்தார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்கும் இத்தா. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதற்கு நேர் எதிரே குசினிச் சுவர். அவர் இருந்த காலத்தில் அந்த ஜன்னல் வழியாக அவள் வெளியே பார்த்ததே குறைவு. அந்த நேரமெல்லாம் அவள் எதிர்ப்பக்கத்தில், அடுப்படியில் இருந்தாள்.

நாலு மணியளவில் வானம் இருண்டது. அடக்கம் முடிந்து திரும்பிய ஜுனைதீனும் அழகமுத்துவும் பின்னால் போய்ப் பாதி வெட்டிய வாய்க்காலைப் பார்த்துவிட்டு, ஒழுங்கையில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. காலையில் செய்தி கேட்டதும் கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தவன் ஜுனைதீன்.

"எத்தன தடவ சென்னேன், மச்சான் அந்தச் சின்ன பெக்கோவ எடுங்கன்டு. கேட்டாரா? அம்பத்தெட்டு வயசுல மமுட்டியப் புடிச்சிக்கிட்டு. கடசில வளவுக்குச் சரிவராதாம்."

அழகமுத்து செருப்பிலிருந்த மண்ணைக் கல்லில் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"சரியா வந்திருக்கும் தம்பி."

"என்ன?"

"எல்லாம் சரியா வந்திச்சு. இந்தக் குசினி மூலை மட்டுந்தான். ஒன்றரை அடி ஒடச்சிட்டா வண்டி பின்னால போயிரும். நானே சொன்னேன், ரெண்டு நாள்ல ஒடச்சி, வேல முடிஞ்சதும் திருப்பிக் கட்டிரலாம் நானான்னு. அந்த மூலையிலதான் அக்காவோட அடுப்பு இருக்குன்னாரு."

"அடுப்ப மாத்தி வைக்க ஏலாதா? ஸாஹிரா தாத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணான்டா செல்லப்போறா?"

"அதத்தான் நானும் சொன்னேன்." அழகமுத்துவின் குரல் தாழ்ந்தது. "கேட்டா சரின்னுதான் சொல்லுவா, அதுனாலதான் கேக்க மாட்டேன்னாரு."

முதல் துளிகள் கூரைத் தகரத்தில் விழுந்தன. வாய்க்காலின் மீதியை நாளைக் காலை இருவருமாக வெட்டி முடிப்பது என்று ஜுனைதீன் சொல்வதும், அவர்கள் முன்பக்கமாகப் போவதும் கேட்டது.

ஸாஹிரா எழுந்து திரையை ஒதுக்கினாள்.

மழை காற்றோடு சாய்ந்து வந்து குசினிச் சுவரில் அடித்தது. முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு மேலிருந்து கீழாகச் சுவர் நனைந்தது. சுண்ணாம்பு காய்ந்திருக்கும்போதுதான் வெள்ளை. நனைந்தால் அடியில் இருப்பதைக் காட்டிவிடும். அதையும் அவர்தான் என்றோ சொல்லியிருந்தார்.

நனைந்த சுவரில் மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு கறுப்புக் கோடு மெதுவாக மேலே வந்தது. அடுப்புக்கரியால், ரசமட்டம் வைத்து இழுத்த நேர்க்கோடு. நிலத்தில் தொடங்கிக் கூரை வரை போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது அடுப்பு மட்டும்தான்.

சாரல் அறைக்குள் வந்தது. இஸ்ரா ஓடிவந்து ஜன்னல் கதவைச் சாத்தப் போனாள். ஸாஹிரா கதவில் கை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரிங்க மகள்."

"நனையிறீங்க உம்மா."

மழை பலத்தது. கோடு இன்னும் கறுத்தது. அதன் நடுவில், ஒரு ஆள் நின்றால் கை எட்டும் உயரத்தில், வெள்ளையடிப்பதற்கு முன் யாரோ உள்ளங்கையால் தேய்த்து அழிக்கப் பார்த்த தடம் ஒன்றும் தெரிந்தது.