கயிற்றின் மறுமுனை

ரசாயனத் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கியவன் குப்பன். மேலே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவன் சாலமோன். உள்ளிருந்து ஒரு சுண்டு சுண்டினால் இழு என்று சாலமோனுக்குச் சொல்லியிருந்தார்கள். குப்பன் சுண்டவே இல்லை, சாலமோனும் இழுக்கவில்லை. டீக்குப் போயிருந்த மேஸ்திரி திரும்பி வந்து, "இன்னாடா, உள்ள சத்தத்தயே காணோம்?" என்று கேட்ட பிறகு நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். வெளியே வந்த குப்பனின் உதடு நீலம் பாரித்திருந்தது.

மேனேஜர் பாஷ்யம் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அதற்குள் கயிற்றை அறுத்து, குப்பனை வண்டியில் போட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாலமோன் தரையில் உட்கார்ந்து, "நான் விடல சார், புடிச்சிக்கினுதான் இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் அந்த ரசாயனத் தொழிற்சாலை வந்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. யார் எந்த ஷிப்டு என்பதை அந்த மாதம் முதல் கம்ப்யூட்டர் தீர்மானித்தது. மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஆராவமுதன், பாஷ்யத்தின் மனைவிக்குத் தம்பி. "புரோகிராம் எழுத இனிமே ஆளே வேண்டாம் அத்திம்பேர். நீங்க நினைக்கறதை வரிவரியா சொல்லுங்கோ. மிஷினே எழுதிக்கும்" என்றான். பாஷ்யமும் யோசித்து யோசித்துச் சொன்னார். அதில் ஒன்று, உறவுக்காரர்களை ஒரே ஷிப்டில் போடக்கூடாது என்பது. ஒரு கல்யாணம், ஒரு சாவு வந்தால் ஒரு பிரிவே காலியாகிவிடுகிறதே! நல்ல யோசனைதான். மனுஷனிடம் சொல்லியிருந்தால் முணுமுணுத்தாவது இருப்பான். மிஷின் முணுமுணுக்கவில்லை.

குப்பனுக்குப் பகல், நாகமுத்துவுக்கு இரவு என்று வந்தது. நாகமுத்துவின் தங்கை எல்லம்மாதான் குப்பனின் மனைவி. பழவேற்காட்டு ஏரியில் சிக்கிய வலையை எடுக்கக் குப்பன் மூழ்கும்போதெல்லாம் படகில் கயிறு பிடிப்பவன் நாகமுத்து. அதே பழக்கத்தில்தான் ஷிப்டு பிரியும்வரை இங்கேயும் பிடித்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஷிப்டு மாறியபோது மச்சான் இரண்டு பேரும், சேர்ந்து சாப்பிட முடியவில்லையே என்று மட்டும்தான் அலுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் நாகமுத்து வந்து நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி வந்திருக்கவில்லை.

"நீ பிடிச்சா எப்போ இழுப்பே? அவன் சுண்டினாத்தானே?" என்று கேட்டார் பாஷ்யம்.

"அவன் சுண்டுனதே இல்ல சார்."

"பின்னே எப்படித் தெரியும்?"

நாகமுத்து தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கையிக்குத் தெரியும் சார். இழுத்துடுவேன். எப்டின்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" பிறகு நிமிர்ந்தான். "பிரிக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"எனக்கே இப்பத்தான சார் தெரியுது" என்றான் நாகமுத்து. சொல்லிவிட்டு அவனே அதிர்ந்துபோனான்.

டெலிபோனில் ஆராவமுதன், "பதறாதீங்கோ அத்திம்பேர். கயிறு பிடிக்கறவன் மச்சானா இருக்கணும்னு ஒரு வரி சேர்த்துட்டா போச்சு. வேற ஏதாவது விட்டுப்போயிருந்தா இப்பவே சொல்லிடுங்கோ" என்றான்.

பாஷ்யம் ஜன்னல் வழியே பார்த்தார். ஷிப்டு மாறிக்கொண்டிருந்தது. பாய்லர் பக்கம் இரண்டு பேர், பம்பு பக்கம் மூன்று பேர். இவன் ஏன் அவன் பக்கத்தில் நிற்கிறான்? எதற்காக அவன் திரும்பிப் பார்க்கிறான்? இதில் எதை வரியாகச் சொல்வது? அவர் டெலிபோனை வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

தொட்டியின் வாயில் அறுத்த கயிறு கிடந்தது. அவசரத்தில் யாரோ காலால் தட்டி, மறுமுனை உள்ளே விழுந்திருந்தது. பாஷ்யம் குனிந்து அதைக் கையில் எடுத்தார். உள்ளே எதிலோ மாட்டியிருந்தது போல லேசாகக் கனத்தது. நாகமுத்து சற்றுத் தள்ளி நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீஸில் டெலிபோன் மறுபடியும் அடித்தது. இரண்டு பேருமே அசையவில்லை. இழுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், பாஷ்யம் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.