அஸ்லாக்கின் கடைசி நாற்பது லிட்டர்

அடிவயிற்றிலிருந்து கத்தினாள் சிக்ருன். வாளியில் ஈஸ்ட்டை ஊற்றும்போது கத்த வேண்டும். கத்தாமல் போட்ட பீருக்கு வீரியம் இருக்காது என்பது வோஸ் மலையூர்ப் பக்கத்துச் சாத்திரம். புருஷன் அஸ்லாக் செத்து மூன்றாம் நாள்தானே என்று முதலில் மெல்லத்தான் கத்திப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. இரண்டாவது தடவை தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து கொழுந்தன் டோர்கெல் ஒற்றைக் கால் பூட்ஸோடு ஓடிவந்தான்.

"அழுதுடுங்க அண்ணி! அடக்கி வைக்காதீங்க. நல்லா வாய்விட்டு அழுதுடுங்க!"

"நான் எங்க தம்பி அழுதேன்? பீர் போடறேன்."

டோர்கெல் சுற்றுமுற்றும் பார்த்தான். உருளைக்கிழங்கு வேகவைக்கும் அண்டா, மால்ட் வடிகட்டிய தலையணை உறை, ஒரு மரக்கரண்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. புதிதாக வாங்கியது வாளி மட்டும்தான். கடைக்காரப் பெண் பம்பு, குழாய், மீட்டர் என்று என்னென்னவோ எடுத்துக் காட்டினாள். "உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள் சிக்ருன். முடியும் என்று பதில் வந்தது வாளிக்குத்தான்.

"அண்ணன் போட்ட நாற்பது லிட்டர் கீழே நிலவறையில இருக்கே அண்ணி? தன் சாவுக்குத் தன் பீரைத்தான் ஊத்தணும்னு ஆஸ்பத்திரியில சத்தியம் வாங்கினாரே?"

"அதை நீ குடிச்சிருக்கியா?"

டோர்கெல் பூட்ஸ் இல்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அஸ்லாக் பீர் போட்ட எஃகு இயந்திரத்தில் பதினாறு பொத்தான்கள். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று விற்றவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான் மனுஷன். பதினோரு வருஷமாக அந்த வளைந்த குழாய்க்குள் என்ன குடியிருந்ததோ, வெளியே வந்த பீரில் காடியும் ஈரக் காலுறையும் சேர்ந்து நாறும். குடித்தவர்கள் வாயைக் கோணிக்கொண்டு, "இது ஒரு தனி ருசி, அஸ்லாக்" என்பார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் சிரிப்பார்கள். அதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்த்து வயிறெரிந்தவள் சிக்ருன்.

"அடக்கத்தன்னைக்கு ஒருத்தரும் அந்த மூஞ்சியைக் காட்டக்கூடாது தம்பி. இதை உங்கண்ணன் போட்டதுன்னுதான் சொல்லப் போறேன். வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து நாற்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள். சாவு வீட்டு பீரை வேண்டாம் என்பது செத்தவனை அவமதிப்பது. எல்லோரும் மருந்து குடிக்கப் போகிற பிள்ளைகளைப் போல மூச்சை அடக்கிக் கோப்பையைத் தூக்கினார்கள். குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அஸ்லாக்கா போட்டான் இதை?" என்றார் கோயில் மணியடிக்கும் ஹல்வார். "அடப்பாவி, போற நேரத்துல கத்துக்கிட்டானே!"

"ஆமா, அவர்தான்" என்றாள் சிக்ருன். பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. கல்யாணமான இந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் அவளைப் பீர்ப் பானைப் பக்கம் விட்டதில்லை அந்த ஆள்.

நல்ல பீருக்கு ஆயுசு குறைவு. நாலு மணிக்கெல்லாம் வாளி காலி. செத்தவன் பேரில் எல்லோரும் சேர்ந்து குடிக்கும் நினைவுக் கோப்பையை இன்னும் தூக்கவில்லை. அவன் தம்பி எழுந்து பேச வேண்டும், எல்லோர் கையிலும் கோப்பை நிறைந்திருக்க வேண்டும். டோர்கெல் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜாடியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். வேறு வழி இல்லை.

மேலே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போனாள்.

"எங்கண்ணன் அஸ்லாக்குக்கு" என்றான் டோர்கெல். கோப்பையைத் தூக்கினான்.

குடித்தார்கள். நாற்பது வாயும் ஒன்றாகக் கோணின. சிக்ருனுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

ஹல்வார் கண்ணில் நீர் முட்ட இருமினார். "ஆங்... இதுதான்யா அஸ்லாக்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி வீடே சிரித்தது. டோர்கெல் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் தோள் குலுங்க அழுதான். இதற்கு முன் வந்தது யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் கோப்பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"இன்னும் ஊத்து சிக்ருன்" என்று கோப்பையை நீட்டினார் ஹல்வார். "இனிமே கிடைக்காதில்ல."

அவள் மறுபடி கீழே இறங்கினாள். ஜாடியை வைத்துப் பீப்பாயின் குழாயைத் திறந்தாள்.

"அண்ணி, எல்லாரும் காத்திருக்காங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வரேன் தம்பி."

குழாயை மூட அவளுக்குக் கை எழவில்லை. ஜாடி நிரம்பி, பீர் அவளுடைய கறுப்புச் செருப்பைச் சுற்றி வழிந்து, சுவர் வரைக்கும் போய்விட்டிருந்தது.