ஓவர்டைமுக்கு விட்டுப்போன கை

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் என்றால் ஆள் நிற்க வேண்டியதில்லை. வலது கையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் வந்து மாட்டிக்கொள்ளலாம். வாசலில் கைகளை வாங்கி, மணிக்கட்டில் டோக்கன் கட்டி உள்ளே அனுப்புவது என் வேலை. இதுவரை ஒரு கையும் ஆள் மாறிப் போனதில்லை.

கைகளுக்கு டீ உண்டு. அவை குடிப்பதில்லை, ஆறிய பிறகு கொட்டிவிடுவோம். ஆனாலும் சம்பளத்தில் டீக்குப் பிடித்தம் உண்டு. என் வலது கை அந்தப் பிடித்தத்தில்தான் போனது. இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடுகிறேன்.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் மகுடேஸ்வரிக்கு ஏழாம் மாதம். ஷிப்மென்ட் அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் அவள் கை இங்கேதான் கிடந்தது. காலையில் வந்ததும், "ஏனுங்கய்யா, ஊசி கீசி ஏறலைங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்வாள்.

வருகிற ஞாயிறு அவளுக்கு வளைகாப்பு. கைக்கு ஒரு நாள் லீவு கேட்டு, சூப்பர்வைசர் குழந்தைவேலுவிடம் போனாள். துணைக்கு நானும் போய் நின்றேன். லீவு கேட்கவெல்லாம் எனக்கு வராது.

"லீவெல்லாம் ஆளுக்குத்தான் அம்மிணி. கைக்கு லீவுன்னு சட்டத்துல இல்ல."

"அப்ப வளையலை எதுல போடறதுங்க? காதுலயா?"

அவர் தலையைச் சொறிந்தார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று அதே சட்டத்தில் இருப்பதையும், அது தனக்கு இன்னும் வராததையும் அவள் நினைவுபடுத்தினாள். அவர் மறுக்கவில்லை.

"பணம் வேண்டாங்க. கையாவே குடுத்துருங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மாலை அவளுக்கு வலது கை இரண்டாகக் கிடைத்தது. டீக்குப் பிடித்ததில், இரண்டாவது கையில் சுண்டுவிரல் இல்லை. அவள் மெஷினுக்குக் குழந்தைவேலு தன் கையையே விட்டுவிட்டுப் போனார். அதற்குத் தைக்கத் தெரியாது. ஞாயிறு முழுவதும் மற்றக் கைகளைப் பார்த்து விரலை நீட்டி அதட்டிக்கொண்டிருந்தது.

வளைகாப்புக்கு என்னையும் அழைத்திருந்தாள். மூன்று கைக்கும் போட வளையல் போதவில்லை. அவள் நாத்தனார் தன்னுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை, விரல் குறைந்த கையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வழக்கம்போல் டோக்கனை எடுத்தேன்.

"டோக்கன் வேண்டாங்கய்யா. இது உங்களுக்கு."

கை எனக்குச் சற்றுச் சின்னதுதான். நாலு விரலானாலும் முடிச்சு நன்றாக விழுகிறது. பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பதால் வளையல்கள் அப்படியே இருக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் அது என் வயிற்றின் மேல் போய் அமர்ந்துகொள்கிறது. நேற்று உள்ளிருந்து ஒரு உதை.

பேறுகால விடுப்பு வேண்டும் என்று குழந்தைவேலுவிடம் சொன்னேன். ஆளுக்கு என்றால் தாராளமாக உண்டு என்றார். எத்தனை மாதம் என்று கேட்டார். ஏழு என்றேன். இனிமேல் டீ வேண்டாம், பாலாகக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார்.

பாலுக்குப் பிடித்தம் தனி.