திறக்காத சத்துப்பவுடர் டப்பா

மாமனார் மாணிக்கவாசகம் தறிப் பலகையில், குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி. நாத்தனார் கலைவாணி நாற்காலியில், மடியில் ஒரு கிலோ சத்துப்பவுடர் டப்பாவோடு. கணவன் சிவபாலன் வாசற்படியில், எந்தப் பக்கமும் சேராமல். ஏழு மாதக் கர்ப்பிணி ஏலவார்குழலிக்குச் சுவரோரம் தலையணை போட்டிருந்தார்கள். விசாரணை அவள் வயிற்றைப் பற்றி.

குழந்தைக்கு மாதத்துக்கேற்ற எடை இல்லையாம். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, நாளைக்கு மறுபடி ஸ்கேனுக்குத் தவறாமல் வரச் சொல்லியிருந்தார்.

"ஸ்கேன் எதுக்குப்பா? நான் விக்கிற பவுடர் கிலோ இருக்குது. முழுசா உள்ள போனா கிலோ ஏறாதா?" என்றாள் கலைவாணி.

முதலாளி கொடுக்கும் பட்டு நூலையும் திரும்பப் போகும் புடவையையும் நிறுத்தே நரைத்தவர் மாணிக்கவாசகம். கணக்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. "டப்பா தீரட்டும்மா. தறியில இருக்கிற புடவைய எவனாவது எடை போடுவானா? அறுத்தப்புறம்தான் தராசு."

"இது புடவையா மாமா?"

"அதவிட ஒசத்தி. அதான் சொல்லிக்கினு இருக்கேன்."

உள்ளே பிள்ளை அசைந்தது. எவ்வளவு இருப்பாய் நீ என்று தடவிப் பார்த்தாள் ஏலவார்குழலி. பயமாக இருந்தது. அழுதால் காரியம் ஆகாது.

"மாமா, முதலாளி குடுக்கற பட்டு நூல எடை போடாம வாங்குவீங்களா?"

"எனக்கென்னா பைத்தியமா? கைல வாங்கறதுக்கு முன்னாடியே தராசு."

"அப்போ டப்பா திறக்கறதுக்கு முன்னாடி குழந்தைய எடை பாக்க வேணாமா? இல்லாட்டி இதுவரைக்கும் சோத்துல ஏறினதயும் பவுடர் கம்பெனிக்காரன் தன் கணக்குல எழுதிக்குவான்."

"ஏமாந்திருப்போமேம்மா!" அவர் குழியிலிருந்து எழுந்தே விட்டார். "டேய் சிவபாலா, காலையில ஆட்டோ சொல்லு!"

கலைவாணி டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கேனில், போன ஸ்கேனைவிட எடை கொஞ்சம் ஏறியிருந்தது. ரத்த ஓட்டமும் சரி. "பவுடர் வேணாம். சாப்பாடும் மாத்திரையும் போதும். ரெண்டு வாரத்துல கட்டாயம் வாங்க" என்றார் டாக்டரம்மா. ஆட்டோவில் ஏறியதும் ஏலவார்குழலி அழுதாள், நிம்மதியாக.

மாணிக்கவாசகம் வேறு முடிவுக்கு வந்திருந்தார். மாலையில் அவர் சொல்லச் சொல்ல, கம்பெனிக்கு அவள் எழுதினாள்: 'ஐயா, தங்கள் டப்பா வீட்டுக்குள் வந்த ஒரே ராத்திரியில், மூடியைக்கூடத் திறக்காமல், குழந்தை எடை ஏறியிருக்கிறது. தங்கள் தயாரிப்பின் மகிமையே மகிமை.'

ஒரு சொல் மாற்றாமல் எழுதி, கீழே தானாக ஒரு வரி சேர்த்தாள்: 'ஆகவே இனியும் திறப்பதாக இல்லை.'

"சரியா எழுதியிருக்கம்மா. ராசி கெடக் கூடாது" என்றார் மாமனார்.

உறையின் ஓரத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி அழுத்தி, தபால் பெட்டிக்குக் கொண்டுபோகச் சிவபாலனிடம் நீட்டினாள்.